பூட்ஸுக்கு அரைப்பக்கம், சாக்ஸுக்கு ஒரே ஒரு வரியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மூணு வாரத்துக்கு முன்னாடி உங்க ஞாயிறு இணைப்புல மலையேற்றம் போறவங்க என்னென்ன எடுத்துக்கணும்னு ஒரு கட்டுரை வந்துச்சு. நல்லா தான் எழுதியிருந்தாங்க, குறை சொல்லணும்னு இதை எழுதலை. ஆனா பூட்ஸ் பத்தி அரைப்பக்கம், முதுகுப்பை பத்தி கால்பக்கம், கைத்தடிக்கு கூட ரெண்டு பாரா ஒதுக்கிட்டு, கடைசில "காலுக்குச் சுத்தமான பருத்திக் காலுறை அணிந்தால் போதுமானது"ன்னு ஒரே வரில கதையை முடிச்சிட்டாங்க. அந்த வரியை படிச்சதும் எனக்கு குதிகால்ல சுருக்குன்னுச்சு, சும்மா சொல்லலை, அதே வரியை வேற யாரோ சொல்லி நம்பி வாங்கிக் கட்டிக்கிட்டவன் நான்.

நான் மெஷின் ஷாப்ல வேலை பாக்குறவன். 19 வருஷமா தினமும் பத்து மணி நேரம் இரும்பு மூக்கு வச்ச சேஃப்டி ஷூக்குள்ள தான் என் கால் வாழுது. வருஷத்துக்கு ரெண்டு தடவை, என்கூட வேலை செய்யுற பசங்களோட மலை ஏறப் போவேன். முதல் தடவை போனப்ப பூட்ஸுக்கு ரெண்டு மாசம் காசு சேத்து வச்சு வாங்கினேன், சாக்ஸுக்கு மட்டும் பீரோல கெடந்ததுல புதுசா தெரிஞ்ச காட்டன் ஜோடி ஒண்ணு, அட்டையில 100% காட்டன்னு பெருசா போட்டிருந்தது, நம்ம எல்லாருக்கும் அந்த எழுத்தை பாத்தா ஒரு மரியாதை வருமே அந்த மரியாதை தான். யானையை வாங்கிட்டு அங்குசத்துக்கு கணக்கு பாத்த கதை.

ஏற ஆரம்பிச்சு ஒன்றரை மணி நேரத்துல குதிகால் லேசா சூடான மாதிரி இருந்துச்சு, கல்லு ஏதோ உள்ள போயிருக்கும்னு நெனச்சு நடந்துட்டே இருந்தேன். அந்த சூடு தான் முதல் எச்சரிக்கைன்னு அப்ப தெரியாது, அங்கயே உக்காந்து பாத்திருந்தா அன்னிக்கு தப்பிச்சிருப்பேன். மேல ஒரு பாறைல உக்காந்து பூட்ஸை கழட்டினா சாக்ஸ் வர மாட்டேங்குது, தோல்ல ஒட்டிக்கிட்டு ஈரத்துணி மாதிரி உரிச்சு எடுக்க வேண்டியதா போச்சு, முறுக்கினா சொட்டு சொட்டா விழுந்துச்சு. உள்ளங்கால் முழுக்க வெள்ளை வெளேர்னு ஊறிப்போயி சுருங்கி கெடக்கு, குதிகால் பின்னாடி ஒரு கொப்புளம், கட்டைவிரல் நகம் அளவுக்கு, உடைஞ்சு தோல் பாதி தொங்குது. கூட வந்த தம்பி ஒருத்தன், எனக்கு பத்து வயசு சின்னவன், பைய தொறந்து ஒரு மெல்லிசு கம்பளி சாக்ஸ் எடுத்து நீட்டினான். "அண்ணே இத போடுங்க"ன்னான். "ஏண்டா இந்த வெயில்ல கம்பளியா, கால் அவிஞ்சிடும்டா"ன்னு திட்டினேன். "போட்டுட்டு அப்பறம் திட்டுங்கண்ணே"ன்னான். கொப்புளத்துல பிளாஸ்திரி ஒட்டிட்டு அதை போட்டுக்கிட்டு இறங்கினேன், வலி இருந்துச்சு தான், ஆனா கால் அதுக்கப்பறம் நசநசக்கவே இல்ல, அது எப்படின்னு அன்னிக்கு ராத்திரில இருந்து எனக்கு ஒரே குடைச்சல்.

விஷயம் என்னன்னா உள்ளங்கால்ல ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நூத்துக்கணக்குல வேர்வை சுரப்பி இருக்கு, உடம்புலயே ரொம்ப நெருக்கமா இருக்குற இடங்கள்ல அதுவும் ஒண்ணு. அதை தோல் ஷூக்குள்ள போட்டு மூடிட்டோம்னா அந்த வேர்வை போறதுக்கு வழி சாக்ஸ் மட்டும் தான். இப்ப துணி அந்த ஈரத்தை என்ன பண்ணுதுங்கிறது தான் கேள்வி. ஆலைல நூலை எடை போடுறப்ப அதுக்குள்ள இயல்பா எவ்வளவு ஈரம் நிக்கும்னு ஒரு கணக்கு வச்சிருப்பாங்க, சாதாரண காத்து ஈரத்துல பாலியஸ்டர் தன் எடைல 0.4 சதவீதம் தான் புடிக்கும், நைலான் 4 சதவீதம் கிட்ட, காட்டன் 7ல இருந்து 8, கம்பளி 16. பாத்தீங்களா, கம்பளி காட்டனை விட ரெண்டு மடங்கு ஈரம் இழுக்குது, அப்பறம் எப்படி அது காலுக்கு நல்லதுன்னு எனக்கும் மொதல்ல புரியல.

வித்தியாசம் எங்க இருக்குன்னா, கம்பளி இழை வெளிப்பக்கம் மெல்லிசா கொழுப்பு மாதிரி ஒரு படலத்தோட இருக்கும், தண்ணி துளி அதுல சட்டுன்னு ஒட்டாது, ஆனா ஆவியா இருக்குற ஈரத்தை இழைக்குள்ள இழுத்துக்கும். வேர்வை துளியா மாறுறதுக்கு முன்னாடியே ஆவி நிலையில கொஞ்சத்தை உள்ள வாங்கிடுது, அதனால தன் எடைல மூணுல ஒரு பங்கு கிட்ட ஈரம் ஏறினப்பறமும் தொட்டா ஈரமா தெரியாது. அதோட இழை சுருள் சுருளா இருக்கறதால நனைஞ்சாலும் பொத்துன்னு படியாது, நடுவுல காத்து நிக்கும். காட்டன் நேர் எதிர், தண்ணியை இழை முழுக்க குடிச்சு உப்பி தோலோட அப்பிக்கும், அப்பறம் விடவே விடாது.

பாலியஸ்டர் நைலான் மாதிரி செயற்கை நூல் வேற வழி, அது தண்ணியை குடிக்காது, இழைக்கும் இழைக்கும் நடுவுல இருக்குற சந்து வழியா உள்பக்கத்துல இருந்து வெளிப்பக்கத்துக்கு கடத்தி விடும், விளக்குத்திரி எண்ணெயை இழுக்குற மாதிரி. "யோவ் விளக்குத்திரியே காட்டன் தானய்யா"ன்னு இந்த இடத்துல நீங்க கேப்பீங்க, நானும் கேட்டேன். நியாயமான கேள்வி, காட்டன் நல்லாவே இழுக்கும், ஆனா விளக்குல திரி நுனில நெருப்பு இருக்கு, இழுத்த எண்ணெயை அது எரிச்சு காலி பண்ணிட்டே இருக்கு. ஷூக்குள்ள நெருப்பு ஏது? இழுத்தது அப்படியே அங்கயே நிக்கும். செயற்கை நூல்ல சந்துல மட்டும் தான் தண்ணி நிக்கறதால காத்து கொஞ்சம் பட்டாலே வெளிய போயிடும். இதை வீட்லயே பாக்கலாம், ராத்திரி ஒரு காட்டன் சாக்ஸும் ஒரு பாலியஸ்டர் கலந்த சாக்ஸும் ஒண்ணா நனைச்சு ஒரே மாதிரி புழிஞ்சு வீட்டுக்குள்ளயே கொடில போட்டேன், காலைல பாலியஸ்டர் சரசரன்னு காஞ்சு கெடக்கு, காட்டன்ல விரல் நுனிப்பக்கம் இன்னும் ஜில்லுன்னு இருக்கு. வீட்டுக்காரம்மா பாத்துட்டு "ஏங்க, ராத்திரி முழுக்க சாக்ஸுக்கு காவல் இருந்தீங்களா"ன்னு கேட்டாங்க.

கொப்புளம் வர்றதும் இந்த ஈரத்தால தான். காஞ்ச தோல் வழுக்கும், ஈரமான தோல் துணியோட ஒட்டிக்கும். நாம அடி எடுத்து வைக்கும்போது உள்ள எலும்பு முன்னாடி போகுது, மேல்தோல் சாக்ஸோட ஒட்டிக்கிட்டு அங்கயே நிக்குது, இப்படி ஆயிரக்கணக்கான தடவை இழுபறி நடந்தா தோலோட அடுக்குகள் நடுவுல பிளந்து அந்த இடைவெளில நீர் கோக்குது. அதனால தான் சிலர் உள்ள மெல்லிசா ஒண்ணு மேல கனமா ஒண்ணுன்னு ரெண்டு சாக்ஸ் போடுறாங்க, உரசல் ரெண்டு துணிக்கும் நடுவுல நடந்துட்டு போகட்டும், தோலுக்கு வேணாம்னு. விரல் விரலா பிரிச்சு கையுறை மாதிரி தைச்ச சாக்ஸும் அதே நோக்கம் தான், விரலிடுக்கு உரசாது. எனக்கு அது பிடிக்கல, காலைல அவசரத்துல சுண்டுவிரலை அதுக்குள்ள நுழைக்கிறதுக்குள்ள ஷிஃப்ட் பஸ் போயிடும். ஆனா அது புதுசா வந்த ஃபேஷன்னு நெனச்சிராதீங்க, எகிப்துல கி.பி. 3ல இருந்து 5ஆம் நூற்றாண்டுக்குள்ள செஞ்ச கம்பளி சாக்ஸ் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துல இருக்கு, செருப்பு வார் நுழையுறதுக்காக கட்டைவிரல் தனியா பிரிச்சு பின்னியிருக்கும்.

ஈரக்காலை லேசா எடுத்துக்கக் கூடாதுங்கிறது பட்டாளத்துக்காரங்களுக்கு நல்லா தெரியும். முதல் உலகப்போர்ல பதுங்கு குழிக்குள்ள குளிர் தண்ணில நாள் கணக்கா நின்னு ஆயிரக்கணக்கான சிப்பாய்ங்க கால் வெந்து மரத்து அழுகிப் போச்சு, அந்த நோய்க்கு பேரே டிரெஞ்ச் ஃபுட். அப்பறம் பிரிட்டிஷ் ராணுவத்துல அடிக்கடி காஞ்ச சாக்ஸ் மாத்தணும், காலை தொடைச்சு எண்ணெய் தடவணும், அதிகாரி காலை பரிசோதிக்கணும்னு உத்தரவே போட்டாங்க. ரஷ்ய ராணுவத்துல இன்னொரு கூத்து, 2013 வரைக்கும் சாக்ஸுக்கு பதிலா சதுரமா ஒரு துணியை தான் காலை சுத்தி கட்டிக்கிட்டாங்க. கேலியா தெரியும், ஆனா அதுல ஒரு சூட்சுமம் இருக்கு, ஒரு பக்கம் நனைஞ்சா அவுத்து காஞ்ச பக்கத்தை காலுக்கு வச்சு திருப்பி சுத்திக்கலாம், விரிச்சு போட்டா சீக்கிரம் காயும், எந்த ஒரு இடமும் மட்டும் தேயாது.

சரி, உழைப்புக்கு வர்றேன். என்னை மாதிரி ஆளுக்கு ஈரத்தை விட பெரிய கவலை மூணு மாசத்துல குதிகால்ல ஜன்னல் வச்சிடுதேங்கிறது தான். இங்க ஒரு வேடிக்கை, காட்டன் நூல் நனைஞ்சா பலம் கூடும், கம்பளி நனைஞ்சா பலம் குறையும். அதனால 100% கம்பளின்னு போட்டிருந்தா ரொம்ப சந்தோஷப்படாதீங்க, மெத்துன்னு இருக்கும், ஆனா ஷூக்குள்ள சீக்கிரம் தேஞ்சிடும். உழைக்கறதுக்கு நைலான் கலந்திருக்கணும். நைலான் பெருசா மார்க்கெட்டுக்கு வந்ததே காலுக்கு போடத்தான், 1940 மே 15ஆம் தேதி அமெரிக்கா முழுக்க நைலான் ஸ்டாக்கிங் கடைக்கு வந்தப்ப ஜனங்க அடிச்சு பிடிச்சு வாங்கினாங்க. அந்த நூலோட உரசல் தாங்குற சக்தி தான் இன்னிக்கும் நல்ல சாக்ஸோட முதுகெலும்பு. நான் இப்ப வாங்குறதுல மெரினோ கம்பளி, அதாவது மெரினோங்கிற ஆட்டு இனத்தோட மெல்லிசு கம்பளி, பாதிக்கு மேல, நைலான் மூணுல ஒரு பங்கு கிட்ட, மீதி ரெண்டு மூணு சதவீதம் எலாஸ்டேன், அதாவது இழுத்தா திரும்பி வர்ற நூல். எலாஸ்டேன் இல்லாத சாக்ஸ் ரெண்டு மணி நேரத்துல இறங்கி குதிகாலுக்கு கீழ சுருண்டுக்கும், அந்த சுருட்டல் மேல நடந்தா கூழாங்கல் மேல நடக்குற மாதிரி.

கம்பளின்னா குத்தும் அரிக்கும்னு நெனக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், குத்துறது இழை தடிமனா இருக்கறதால. முரட்டு கம்பளி 30 மைக்ரானுக்கு மேல இருக்கும் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு), அதோட முனை தோல்ல வளையாம குத்தும், மெரினோ 20 மைக்ரான் பக்கம் தான், வளைஞ்சு கொடுத்துடும். வெயில் காலத்துக்கும் மெல்லிசு மெரினோ தாராளமா போடலாம், அந்த தம்பியை திட்டினதுக்கு பின்னாடி மன்னிப்பு கேட்டுட்டேன். நாத்தமும் கம்பளில கம்மி. வேர்வைக்கு தனியா நாத்தம் கிடையாது, தோல்ல இருக்குற பாக்டீரியா அதை தின்னு விடுற அமிலம் தான் நாறுது, பாலியஸ்டர் அந்த எண்ணெய்ப்பசை நாத்தத்தை புடிச்சு வச்சுக்கும், துவைச்சாலும் முழுசா போகாது, கம்பளில அந்த தொல்லை குறைவு. நாலு நாள் மலைல இருக்கணும்னா நான் பாலியஸ்டரை எடுத்துட்டு போக மாட்டேன், கூட கூடாரத்துல படுக்குறவங்க மேல எனக்கு பிரியம் உண்டு.

கடைல நிக்கும்போது அட்டைல இருக்குற படத்தையும் "அல்ட்ரா" "ப்ரோ" எழுத்தையும் விட்டுடுங்க. பின்னாடி பொடி எழுத்துல எந்த நூல் எத்தனை சதவீதம்னு இருக்கும், அது இல்லாத சாக்ஸை நான் தொடுறதே இல்ல. அப்பறம் முடிஞ்சா சாக்ஸுக்குள்ள கையை விட்டு முஷ்டி புடிச்சு குதிகால் பகுதியை இழுத்து டியூப் லைட்டுக்கு நேரா காட்டுங்க. வெளிச்சம் சல்லடை மாதிரி வந்துச்சுன்னா அது ஆறு மாசம் தாங்காது. நெருக்கமா பின்னினதுல வெளிச்சம் மங்கலா தான் தெரியும். வெளிய திருப்பி பாத்தா உள்பக்கம் டவல்ல இருக்கற மாதிரி குட்டி குட்டி வளையமா நூல் நிக்கும், அது தான் மெத்தை, அதுக்குள்ள நிக்குற காத்து தான் அடி வைக்கிற அதிர்ச்சியை வாங்குது, ஈரம் நகர்றதுக்கு இடமும் கொடுக்குது. மெத்தை உள்ளங்கால்லயும் குதிகால்லயும் இருந்தா போதும், மேல் பாதத்துல மெல்லிசா காத்தாட இருக்கணும், முழுக்க மெத்தை வச்சது பனி மலைக்கு. விரல் நுனில தையல் போற இடத்தை ஆள்காட்டி விரலால தடவிப் பாருங்க, கயிறு மாதிரி புடைச்சிருந்தா அது எட்டு மணி நேரம் சுண்டுவிரல் நகத்தை அறுக்கும். தட்டையா இருக்கணும், விரலுக்கு ஒண்ணும் தட்டுப்படாம.

சைஸ் விஷயத்துல நம்ம ஆளுங்க ரொம்ப தாராளம், "ஃப்ரீ சைஸ் கொடுங்க"ன்னு வாங்கிட்டு வந்துடுவோம். பெருசா இருந்தா மடிப்பு விழும், சின்னதா இருந்தா துணி இழுபட்டு மெல்லிசாகி ஓட்டை விழும். போட்டு பாக்கும்போது பின்னின குதிகால் குழி நம்ம குதிகால்லயே உக்காரணும், கணுக்காலுக்கு ஏறி நின்னா அது உங்க சைஸ் இல்ல. உயரம், பூட்ஸோட கழுத்தை விட ரெண்டு விரல் மேல. கணுக்கால் தெரியுற குட்டை சாக்ஸை போட்டுக்கிட்டு உயரமான பூட்ஸ் போட்டா தோல் விளிம்பு நேரா சதையை அறுக்கும், எங்க ஷாப்ல புதுசா வர்ற பசங்க எல்லாரும் முதல் வாரம் இதை பண்ணுவாங்க. இன்னொண்ணு, கனமான சாக்ஸ் வாங்கினா ஷூ இறுக்கும், அதனால ஷூ வாங்கப் போறப்பவே அந்த சாக்ஸை போட்டுக்கிட்டு, சாயங்காலமா கால் கொஞ்சம் வீங்கியிருக்கற நேரத்துல போங்க.

ஓட்டை விழுந்தா உடனே கம்பெனியை திட்டாதீங்க, ஓட்டை எங்க இருக்குன்னு பாருங்க, அதுவே காரணத்தை சொல்லும். கட்டைவிரல் நுனில மட்டும் விழுந்தா நகம் வெட்டலைன்னு அர்த்தம். குதிகாலுக்கு பின்பக்கம் மேல விழுந்தா ஷூவோட உள்துணி கிழிஞ்சிருக்கும், கையை விட்டு தடவுங்க, சொரசொரன்னு பிளாஸ்டிக் தட்டு தட்டுப்படும், அந்த ஷூவுக்குள்ள எந்த சாக்ஸ் போட்டாலும் அரம் போட்டு ராவுற மாதிரி தான். நான் ஒரு வருஷம் மூணு கம்பெனி சாக்ஸை மாத்தி மாத்தி வாங்கி திட்டினேன், கடைசில பாத்தா குற்றவாளி என் ஷூ. முன்பாதத்துக்கு கீழ சீரா மெல்லிசாகி கிழிஞ்சா அது நியாயமான சாவு, உழைச்சு தேஞ்சது, போகட்டும்.

வேலைக்கு போறவங்களுக்கு இன்னொரு உண்மையும் சொல்லணும், இதை எந்த விளம்பரத்துலயும் சொல்ல மாட்டாங்க. சாக்ஸ் எவ்வளவு நல்லா ஈரத்தை வெளிப்பக்கம் தள்ளினாலும் ஷூ மூச்சு விடாதுன்னா அந்த ஈரம் எங்க போகும்? சேஃப்டி ஷூ, ரப்பர் பூட்ஸ் எல்லாம் அடைச்ச டப்பா. சாக்ஸோட வெளிமுகம் நனைஞ்சு நின்னுடும், அவ்வளவு தான். அதனால நான் சாப்பாட்டு நேரத்துல சாக்ஸ் மாத்திடுவேன், லாக்கர்ல எப்பவும் ஒரு காஞ்ச ஜோடி இருக்கும், பத்து நிமிஷம் ஷூவை திறந்து வச்சுட்டு காலை காத்துல காட்டுவேன். ஆரம்பத்துல பசங்க சிரிச்சாங்க, இப்ப எங்க செக்‌ஷன்ல ஏழு பேர் மதியம் வரிசையா கால் நீட்டி உக்காந்திருக்கோம், பாக்கறதுக்கு ஏதோ வேண்டுதல் மாதிரி இருக்கும். ஒரே ஷூவை தினமும் போடாம ரெண்டு ஜோடி மாத்தி மாத்தி போட முடிஞ்சா இன்னும் நல்லது, ஒரு ராத்திரில ஷூ உள்ள முழுசா காயாது. எனக்கு வருஷா வருஷம் வந்துட்டிருந்த சேத்துப்புண் இப்படி மாத்த ஆரம்பிச்சப்பறம் தான் நின்னுச்சு. சேத்துப்புண் இருக்கும்போது மட்டும் கம்பளியை ஓரமா வச்சுடுங்க, அந்த பூஞ்சையை கொல்ல 60 டிகிரி சுடுதண்ணில துவைக்கணும், அந்த சூட்டுல கம்பளி குழந்தை சாக்ஸ் சைஸுக்கு சுருங்கிடும். அந்த கொஞ்ச நாளைக்கு காட்டன் தான் சரி, காட்டனுக்கும் வேலை இருக்கு, நான் அதுக்கு எதிரி இல்ல.

அதை விட முக்கியம், வெல்டிங், கிரைண்டிங், உருக்கு வேலை பாக்குறவங்க ஈரம் காக்குற சாக்ஸ்னு விளம்பரம் பாத்து முழு பாலியஸ்டர் சாக்ஸ் வாங்கிடாதீங்க. நைலான் ரகத்தை பொறுத்து 220ல இருந்து 265 டிகிரிக்குள்ள உருகிடும், பாலியஸ்டர் 250, 260ல உருகும், பறந்து வர்ற பொறி அதை விட பல மடங்கு சூடு. பூட்ஸ் வாய் வழியா ஒரு பொறி உள்ள போனா துணி உருகி சொட்டு மெழுகு மாதிரி தோல்ல ஒட்டிக்கும், பிச்சா தோலோட தான் வரும். எங்க ஷாப்ல ஒருத்தர் கணுக்கால்ல அந்த தழும்பை நான் பாத்திருக்கேன், சாக்ஸோட பின்னல் வரி அப்படியே தோல்ல அச்சு விழுந்திருக்கு. கம்பளி உருகாது, சுலபமா தீப்பிடிக்கவும் செய்யாது, பொறி பட்ட இடம் மட்டும் கருகும். நைலான் கொஞ்சமா கலந்தாலும் அந்த வேலைக்கு யோசிச்சு தான் போடணும், காட்டன் கூட பரவால்ல.

சர்க்கரை வியாதி இருக்கறவங்களுக்கு உழைப்பும் முக்கியம் இல்ல, மலையும் முக்கியம் இல்ல, மேல் பட்டை இறுக்காம, உள்ள தையல் உறுத்தாம, வெள்ளை நிறத்துல வாங்குங்க, ஏன்னா கால்ல உணர்ச்சி குறைஞ்சவங்களுக்கு புண்ணு வலிக்காது, சாயங்காலம் சாக்ஸை கழட்டும்போது கறை தெரிஞ்சா தான் புண்ணு இருக்குன்னே தெரியும்.

மூங்கில் சாக்ஸ்னு ஒண்ணு இப்ப எங்க பாத்தாலும் தொங்குது, இயற்கையாவே கிருமி கொல்லும்னு அட்டைல இலை படம் போட்டு. வெளுத்ததெல்லாம் பால் இல்ல. மூங்கிலை ரசாயனத்துல கரைச்சு கூழாக்கி இழுத்த விஸ்கோஸ் நூல் தான் அதுல பெரும்பாலும் இருக்கறது, மரக்கூழ்ல செஞ்ச விஸ்கோஸுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, அமெரிக்காவுல 2022ல ரெண்டு பெரிய கடைக்காரங்க விஸ்கோஸை மூங்கில்னு சொல்லி வித்ததுக்கு சேத்து 55 லட்சம் டாலர் அபராதம் கட்ட வேண்டி வந்துச்சு. தொட்டா வழுவழுன்னு சுகமா இருக்கும், ஒத்துக்கறேன், ஆனா விஸ்கோஸ் நனைஞ்சா கிட்டத்தட்ட பாதி பலம் போயிடும், ஈரமும் காட்டனை விட அதிகமா புடிக்கும், வேலைக்கோ மலைக்கோ அது எதுக்கு? வெள்ளி பூசின நாத்தமடிக்காத சாக்ஸும் அப்படித்தான், துவைக்க துவைக்க வெள்ளி கொஞ்சம் கொஞ்சமா தண்ணியோட போயிடும்.

துவைக்கறதுல தான் நல்ல சாக்ஸையும் கொல்றோம். உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பி போட்டு துவைக்கணும், செத்த தோலும் உப்பும் உள்ள தான் இருக்கு. வாசனைக்கு ஊத்துற கண்டிஷனர் வேண்டவே வேண்டாம், அது இழை மேல மெழுகு மாதிரி படிஞ்சு அந்த சந்துகளை அடைச்சிடும், அப்பறம் ஈரம் எப்படி நகரும். பிளீச் கம்பளியையும் எலாஸ்டேனையும் அரிச்சிடும். முறுக்கி புழியாம அமுக்கி புழிஞ்சு நிழல்ல போட்டா போதும், டிரையர் சூடும் சுள்ளுன்னு அடிக்கிற வெயிலும் எலாஸ்டேனை தொளதொளன்னு ஆக்கிடும். அப்பறம் வீட்ல ஷூவை கழட்டிட்டு சாக்ஸோடயே தரைல நடக்காதீங்க, நான் பெத்ததுங்க ரெண்டும் அதை தான் பண்ணுதுங்க, சொல்லி சொல்லி என் வாய் தான் வலிக்குது.

ஆகவே ஆசிரியர் ஐயா, என் வேண்டுகோள் சின்னது. அந்த கட்டுரைல வந்த பருத்திக் காலுறை வரிக்கு ஒரு திருத்தம் போடுங்க. உங்க பேப்பர்ல வந்தா சரியாத்தான் இருக்கும்னு வெட்டி பர்ஸுல வச்சுக்கற ஆளுங்க இருக்காங்க, எங்க ஷாப் நோட்டீஸ் போர்டுலயே அந்த கட்டுரையை யாரோ குண்டூசி குத்தி வச்சிருக்காங்க. நான் அந்த வரியை மட்டும் பேனாவால அடிச்சுட்டு ஓரத்துல "கம்பளி + நைலான், மாத்த ஒரு ஜோடி"ன்னு எழுதிட்டு வந்தேன், மறுநாள் போய் பாத்தா அதுக்கு கீழ வேற கையெழுத்துல "யார் காசுல?"ன்னு எழுதியிருக்கு.

அது நியாயமான கேள்வி தான். ஷூ கொடுக்கற கம்பெனிங்க சாக்ஸ் கொடுக்கறதில்ல, ஷூ பாதுகாப்பு சாதனம், சாக்ஸ் சொந்த துணின்னு கணக்கு. இதை பத்தியும் உங்க நிருபர் யாராவது விசாரிச்சு எழுதினா நல்லா இருக்கும். கைல காசு கம்மியா இருக்கறவங்க நாலு ஜோடி காட்டன் வாங்குற காசுல ரெண்டு ஜோடி நல்லதா வாங்கி ராத்திரி ஒண்ணை துவைச்சு போட்டு மாத்தி மாத்தி போடலாம், சீக்கிரம் காயும்ங்கறதால ரெண்டே போதும், நான் அப்படித்தான் ஆரம்பிச்சேன்.

லெட்டர் நீளமா போச்சு, இடம் இல்லைன்னா எகிப்து, ரஷ்யா, என் வீட்டு கொடி எல்லாத்தையும் வெட்டிடுங்க, எனக்கு வருத்தம் இல்ல. அந்த வெல்டிங் பாராவை மட்டும் வெட்டிடாதீங்க.

இப்படிக்கு,
மெஷின் ஷாப்ல இருந்து ஒரு வாசகன்